நீல டின்னும் சிவப்பு டின்னும்

முருகன் துணை
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
2.9.2024

அன்புத் தங்கை மேரிக்கு வள்ளியக்கா எழுதுவது.

இங்கே நானும் உன் ராமநாதன் அண்ணனும் மகன் தயாளன் குடும்பமும் சுகம். உன் முட்டி வலி எப்படி? ஆர்தர் தம்பியின் இனிப்பு நீர் கட்டுக்குள் இருக்கிறதா? மகள் அமண்டா சுகமா? என் காது அப்படியேதான். மெஷின் மாட்டினாலும் போனில் எல்லாரும் தகர டப்பாவுக்குள் நின்று பேசுகிற மாதிரி கேட்கிறது. மெசேஜ் அனுப்பலாம் என்றால் மருமகள் சுபாஷினி படிக்கிறாள், பேத்தி எனக்கு முன்னால் பதில் போடுகிறாள். மாதா திருநாள் வருகிறது என்று நீ போன வாரம் அனுப்பியதற்கு அவள் ஆடுகிற குரங்குப் படம் போட்டிருக்கிறாள். மன்னித்துக்கொள். நமக்குக் கடிதம்தான் சரி.

டிசம்பர் விடுமுறையில் தயாளன் குடும்பம் ஜொகூருக்குப் போகிறது. ஓர் அறை காலி. நீயும் தம்பியும் வந்து ஒரு வாரம் இருங்கள். பத்துமலை, இரட்டைக் கோபுரம், மஸ்ஜித் இந்தியா கடைத்தெரு எல்லாம் பார்க்கலாம். பேரங்காடிகளில் கிறிஸ்மஸ் மரம் நாலு மாடி உயரத்துக்கு வைக்கிறார்கள். நீ பார்க்க வேண்டியது அது. உனக்கு மாதா கோயிலும் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. உன் அண்ணன் இந்த வருடமும் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார். அந்தக் காலோடு மலைக்குப் போக முடியாது, இங்கேயே கோயிலில் இருமுடி இறக்குகிறார். உன் சமையலுக்கு அது இடைஞ்சல் இல்லை. பாடாங் செராயில் பக்கத்து வீட்டில் இருபத்தாறு வருடம் நீ பார்க்காத விரதமா?

நாங்கள் இங்கே வந்து பத்து டிசம்பர் போய்விட்டது. ஒன்றுக்கும் நீ வரவில்லை. இந்தத் தடவை வந்துவிடு.

உன் வரவை எதிர்பார்க்கும்
வள்ளியம்மை


(எழுதியது. அனுப்பவில்லை. கணக்கு நோட்டுக்குள் மடித்து வைத்திருந்தது.)

சேசு மரி சூசை துணை
பாடாங் செராய்
11.9.2024

அன்புள்ள வள்ளியக்காவுக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். எல்லாரும் சுகம் என்று எழுதியிருந்தீர்கள், ஆண்டவருக்கு நன்றி. நாங்களும் சுகம்.

அக்கா, நான் வராததற்கு முட்டி காரணம் இல்லை. 2013 கிறிஸ்மஸ்தான் காரணம்.

அந்த வருடம் நீங்கள் சுபாஷினியின் பிரசவத்துக்குப் போயிருந்தீர்கள். அண்ணன் மாலை போட்டுக்கொண்டு தனியாகக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் போல நான் இரண்டு கேக் செய்தேன். சிவப்பு டின்னில் எல்லாருக்குமானது: பன்னிரண்டு முட்டை, அக்டோபரிலிருந்து பிராந்தியில் ஊறிய பழம். நீல டின்னில் அது இரண்டும் இல்லாமல் அண்ணனுக்கென்று ஒன்று. கிறிஸ்மஸ் அன்று வீடு நிறைய ஆள். அண்ணன் கறுப்பு வேட்டியோடு வந்து உட்கார்ந்தார். நான் ஒரு துண்டு வெட்டி, "இது உங்களுக்குன்னே தனியா செஞ்சதுண்ணே" என்று தட்டைக் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் தட்டு காலியாகத் திரும்பி வந்தது. "நல்லாருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

சாயங்காலம் நீல டின்னைத் திறந்தேன். கேக் முழுசாக இருந்தது. கத்தியே படவில்லை.

விரதத்தில் இருந்த மனிதருக்கு முட்டையும் சாராயமும் என் கையால் கொடுத்திருக்கிறேன். அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் அவருடைய குருசாமியிடம் கேட்டு ஏதாவது பரிகாரம் செய்திருப்பார். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். அவர் இருமுடி கட்டிக் கிளம்பியே விட்டார். ஜனவரி கடைசியில் கம்பை ஊன்றிக்கொண்டு திரும்பினார். மலை இறங்கும்போது விழுந்தார் என்றார்கள். கால் சரியாகவில்லை. கடையில் நிற்க முடியவில்லை. கடையை விற்றுவிட்டு நீங்கள் மகனிடம் போய்விட்டீர்கள்.

என் ஆண்டவர் கேக்குக்காகக் காலை ஒடிக்கிறவர் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் நாற்பத்தொரு நாள் அவர் தம் சாமிக்குக் கொடுத்த வாக்கை நான் கெடுத்தேனே. அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு உங்கள் வீட்டில் எப்படிச் சாப்பிடுவேன்? இதை அமண்டா அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.


சேசு மரி சூசை துணை
பாடாங் செராய்
11.9.2024

அன்புள்ள வள்ளியக்காவுக்கு மேரி எழுதிக்கொள்வது.

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறேன். நீங்கள் அழைத்ததில் மிகுந்த சந்தோஷம். இந்த வருடம் எங்கள் கோயில் அன்பியத்தில் கேரல் பாட்டுக் குழு எந்தெந்த வீட்டுக்கு எப்போது போவது என்கிற வரிசையை என் கையில் கொடுத்திருக்கிறார்கள். கோழிகளையும் விட்டு வர ஆள் இல்லை. முட்டியும் முன்பு போல இல்லை. ஆகவே அடுத்த வருடம் பார்க்கலாம். பேத்திக்கு என் முத்தங்கள். குரங்குப் படம் நன்றாக இருந்தது.

அன்புத் தங்கை
லூர்து மேரி


முருகன் துணை
பிரிக்பீல்ட்ஸ்
1.10.2024

மேரிக்கு,

சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

உன் பழைய கடிதங்களை எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். 2015 முட்டி. 2016 அமண்டா கல்யாணம். 2017 கூரை ஒழுகல். 2018 மறுபடியும் முட்டி. 2020ம் 2021ம் நோய்க்காலம், அது நியாயம். 2022 முட்டி. ஒரே முட்டி எத்தனை வருடம் வலிக்கும்? அதே முட்டியோடு நீ ஒவ்வொரு ஜூலையும் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவில் குன்று ஏறுகிறாய். படம் அனுப்பினாயே.

உன் அண்ணன், "விடு, அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்" என்கிறார். எனக்கு விட முடியவில்லை. நான் உன்னை ஏதாவது சொல்லிவிட்டேனா? போகும்போது அம்மிக்கல்லை உனக்குக் கொடுக்காமல் காளியம்மாவுக்குக் கொடுத்தேன், அதுவா? நீ கேட்கவில்லையே என்றுதான் கொடுத்தேன்.

இதுதான் கடைசி. இந்த வருடமும் இல்லை என்றால் இனிமேல் கூப்பிட மாட்டேன். கடிதம் எழுதுவேன். கூப்பிட மாட்டேன்.

வள்ளியம்மை


சேசு மரி சூசை துணை
பாடாங் செராய்
13.10.2024

மதிப்பிற்குரிய ராமநாதன் அண்ணன் அவர்களுக்கு லூர்து மேரி வணக்கத்துடன் எழுதுவது.

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நல்ல செய்தியாக இருந்திருக்கலாம்.

இதோடு இன்னொரு கடிதம் இருக்கிறது. போன மாதம் அக்காவுக்கு எழுதி அனுப்பாமல் வைத்தது. 2013 கிறிஸ்மஸ் அன்று உங்களுக்குக் கொடுத்த கேக்கைப் பற்றியது. அதை முதலில் படித்துவிடுங்கள்.

நேற்று ஃபாதர் ரஃபேலிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் இங்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. "இதே கேக்கை மூணாவது தடவையா சொல்றீங்க. நானா அதைச் சாப்பிட்டேன்? சாப்பிட்டவர்கிட்ட போய்ச் சொல்லுங்கம்மா" என்றார். அதனால் எழுதுகிறேன்.

மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் விரதத்துக்கும், காலுக்கும், கடைக்கும். அக்காவின் அழைப்பைச் சொன்னதும் அமண்டா டிசம்பர் இருபத்தொன்றுக்கு இரண்டு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாள். நீங்கள் வரச் சொன்னால் வருகிறேன். 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை எழுதினாலும் அதுவும் பதில்தான். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இந்தக் கடிதத்தை அமண்டா அப்பாதான் தபாலில் போடுகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

உங்கள் தங்கை
லூர்து மேரி


சேசு மரி சூசை துணை
பாடாங் செராய்
12.11.2024

அன்புள்ள வள்ளியக்காவுக்கு,

நலம்தானே? நான் ஒரு மாதத்துக்கு முன் அண்ணன் பெயருக்கு ஒரு கடிதம் போட்டேன். வந்து சேர்ந்ததா என்று மட்டும் எழுதுங்கள். அம்மிக்கல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எனக்கு மிக்சி இருக்கிறது.

இங்கே அமண்டா அப்பா போக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தபால்காரர் மோட்டார் சத்தம் கேட்டால் எனக்கு முன்னால் ஓடுகிறார். கையை விரித்துக்கொண்டு திரும்பி வருகிறார். சொல்லாமலே பாத்திரம் கழுவுகிறார். வெள்ளிக்கிழமை பாசாரிலிருந்து மாதா படத்துக்கு மல்லிகைச் சரம் வாங்கி வந்தார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவை. ஏன் என்றால், "சும்மாதான் லா" என்கிறார். என்னிடம் ஏதோ சொல்ல வருவது போல நிற்கிறார். பிறகு கோழிக்குத் தீனி வைக்கப் போய்விடுகிறார். கிளினிக்கில் ஏதாவது சொல்லியிருப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. இரத்தப் பரிசோதனைச் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். சர்க்கரை அளவு சரியாகத்தான் இருக்கிறது.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஜெபிக்கிறேன். பழம் ஊறப் போடவில்லை இந்த வருடம்.

மேரி


முருகன் துணை
பிரிக்பீல்ட்ஸ்
19.11.2024

அன்பு மேரிக்கு,

சுகம். அண்ணன் சனிக்கிழமை மாலை போட்டுவிட்டார்.

கடிதம் வந்ததா என்று கேட்டேன். "வந்துச்சு" என்றார். எங்கே என்றேன். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். மடித்து மடித்து ஓரமெல்லாம் கிழிந்துவிட்டது. எனக்குப் படிக்கத் தரவில்லை. இந்த மனிதர் தண்ணீர் பில்லைக்கூட என்னிடம் கொடுத்துத்தான் படிக்கச் சொல்வார்.

இன்னொன்று. அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறார். என் காதுக்குப் பயந்தா? பக்கத்தில் நின்று பேசினாலும் எனக்குக் கேட்காதே. ஆனால் எனக்கு வாயசைவு தெரியும் என்பதை மறந்துவிட்டார். நேற்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். "ஆர்தர், நீ சொல்றியா, இல்ல நான் சொல்லவா? அந்தப் பொண்ணு காத்துக்கிட்டு இருக்கு" என்றார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, தலையில் அடித்துக்கொண்டார்.

மேரி, உன் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள். உள்ளே வந்தவரைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு வாரம் குடு வள்ளி, நானே எழுதறேன்" என்றார். மாலை போட்ட வாயால் சொல்லியிருக்கிறார், எழுதுவார். நீ பயப்படாதே.

பழத்தை ஊறப் போடு.

வள்ளியம்மை


சுவாமி சரணம்
கோலாலம்பூர்
26.11.2024

தங்கை லூர்து மேரி அவர்களுக்கு ராமநாதன் எழுதுவது.

நலம். எனக்குச் சரக்குப் பட்டியல்தான் எழுத வரும். பிழை இருந்தால் பொறுக்கவும்.

அந்தக் கேக்கை நான் சாப்பிடவில்லை.

நீ தட்டைக் கையில் கொடுக்கும்போதே பிராந்தி வாசனை வந்தது. டின் மாறிவிட்டது என்று தெரிந்தது. ஆனால் வீடு நிறைய ஆள். 'உங்களுக்குன்னே தனியா செஞ்சது' என்று நீ சந்தோஷமாக நிற்கிறாய். அத்தனை பேர் முன்னால் சொன்னால் உன் முகம் என்ன ஆகும்? தட்டோடு பின்கட்டுக்குப் போனேன். அங்கே ஆர்தர் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள், "குடுங்கண்ணே, மேரி பார்க்கறதுக்குள்ள" என்று வாங்கி மூன்றே வாயில் தின்றுவிட்டான். நீ அவனை அந்த வருடம் முழுக்க இனிப்புப் பக்கமே விடவில்லையாம். "மாலை போட்டிருக்கீங்க, சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுங்க" என்றான். கொடுத்துவிட்டேன்.

நீ இப்படி மனதில் வைத்து வருந்துவாய் என்று எனக்குத் தெரியாது. உன் கடிதம் வந்த அன்றே அவனைக் கூப்பிட்டேன். வாக்கை அவன்தான் விடுவிக்க வேண்டும். "நானே சொல்லிடறேண்ணே" என்றான். ஆறு வாரமாக அதையே சொன்னான். நேற்றுத்தான், "எனக்குத் தைரியம் வரல, நீங்களே எழுதிடுங்க" என்று விட்டுக்கொடுத்தான்.

கால் விஷயம். நான் மலையில் விழவில்லை. தரிசனம் நல்லபடி முடிந்து மாலையைக் கழற்றிய பிறகு, சென்னையில் ஜவுளிக்கடை மாடிப்படியில் இரண்டு கையிலும் சேலைப் பையோடு உருண்டேன். ஊரில் அப்படிச் சொல்ல வெட்கமாக இருந்தது. மலை என்று சொன்னேன். கடையையும் கால் மூடவில்லை. எதிரே பெரிய கடை வந்த அன்றே என் கணக்கு இறங்கிவிட்டது. கால் ஒரு சாக்கு.

சேலைக்கடை விஷயம் வள்ளிக்குத் தெரியாது. சொல்ல வேண்டாம்.

டிசம்பர் 21 ரயிலடியில் நிற்பேன்.

ராமநாதன்


சேசு மரி சூசை துணை
பாடாங் செராய்
2.12.2024

அன்புள்ள அண்ணனுக்கும் அக்காவுக்கும்,

இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அக்கா முதலில் படிக்கலாம்.

அண்ணன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். அமண்டா அப்பா தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"ராமநாதன் அண்ணன் எழுதியிருக்காரு" என்றேன்.

குழாயை மூடினார். திரும்பவில்லை.

"எவ்ளோ பெரிய துண்டு?"

"சின்னதுதான் மேரி."

"நான்தானே வெட்டுனேன்."

"அப்புறம் ஏன் என்னைக் கேக்குற?"

"பதினோரு வருசமா நான் முழங்கால் போட்டு அழுதேன். பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"அமண்டாவுக்கு மாப்பிள்ள அமையணும்னு அழுவறேன்னு நெனச்சேன்."

"அவளுக்குக் கல்யாணமாகி எட்டு வருசம் ஆச்சு."

"அப்புறம் பேரப்பிள்ளைக்குன்னு நெனச்சேன்." ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அன்னிக்கே சொல்லியிருப்பேன் லா. ஏச்சு வாங்கிட்டுப் போயிருப்பேன்."

அதுவும் சரிதான். நான் சாமியாருக்கெல்லாம் சொன்னேன், பக்கத்தில் படுத்திருக்கிறவரிடம் சொல்லவில்லை. இருந்தாலும் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஆறு வாரம் கையை விரித்துக்கொண்டு வந்து நின்றாரே, அந்த இரண்டு நாள் அதற்காக. மூன்றாம் நாள் காலைப் பூசையில் உட்கார்ந்திருக்கும்போது, 'மேரி பார்க்கறதுக்குள்ள' என்பது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். காணிக்கைப் பாட்டு நேரம். முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்து மாதா கெபிக்கு முன்னால் நின்று மீதியைச் சிரித்தேன். எதையோ தலையிலிருந்து இறக்கி வைத்தது போல, கழுத்து லேசாக இருந்தது.

அண்ணே, நீங்கள் சொல்ல வேண்டாம் என்று எழுதிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதை நான் அக்காவிடம் சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொரு பதினோரு வருடம் சுமக்கவும் எனக்குத் தெம்பு இல்லை. நாங்கள் வந்து இறங்குவதற்குள் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பழம் ஊறுகிறது. மூன்று வாரம் போதும். நீல டின்னுக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்து, மூடியில் 'ராமநாதன்' என்று எழுதியிருக்கிறேன்.

வருகிறோம்.

லூர்து மேரி


சேசு மரி சூசை துணை
பாடாங் செராய்
3.1.2025

அன்புள்ள வள்ளியக்காவுக்கு, புத்தாண்டு ஆசீரோடு மேரி எழுதுவது.

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். கோழிகள் எல்லாம் இருக்கின்றன. முட்டி வலிக்கிறது. இந்தத் தடவை நிஜமாகவே. பத்துமலையின் இருநூற்றெழுபத்திரண்டு படியையும் உங்களோடு ஏறினேனே, அது.

ரயிலடியில் அண்ணன் கம்போடு நின்றதைப் பார்த்ததும் இறங்காமல் படியிலேயே நின்றுவிட்டேன். "டின்னைக் குடும்மா, நான் தூக்கறேன்" என்றார். நீல டின்னைத்தான் கேட்டார். அப்புறம்தான் இறங்கினேன்.

சேலைக்கடை விஷயத்தை அவர் மூன்று வாரம் ஒத்திப்போட்டு, எங்களை வைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் சொன்னாரே. நீங்கள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "கூடப் போன சாமிமாருங்க அந்த வாரமே வந்து சொல்லிட்டாங்க. நீங்களா எப்ப சொல்வீங்கன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றீர்கள். அவர் கையில் எடுத்த அப்பளம் அப்படியே நின்றது. நினைத்து நினைத்து ரயிலிலும் சிரித்தேன்.

கிறிஸ்மஸ் மரத்தை நாலு மாடியும் கழுத்து வலிக்கப் பார்த்ததும், இரட்டைக் கோபுரத்தின் கீழே அமண்டா அப்பா இரண்டு கோபுரத்துக்கும் நடுவில் நின்று கையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டதும், எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை. பத்துமலை உச்சியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது, "எனக்குக் காது நல்லா கேட்ட டிசம்பரெல்லாம் போயிருச்சு மேரி" என்றீர்கள். நான் வராமல் விட்டது அந்த டிசம்பர்களைத்தான். உங்கள் காதருகே, "இனிமே வருசா வருசம் வருவேன்" என்று கத்தினேன். வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் தலையாட்டினீர்கள். கேட்டதோ, வாயசைவில் படித்தீர்களோ, தெரியவில்லை. ஆகவே இங்கே மறுபடியும் எழுதுகிறேன்: இனிமேல் வருடா வருடம் வருவேன்.

பிறகு, கிறிஸ்மஸ் அன்று அண்ணன் ஏன் அப்படிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார் என்று கேட்டீர்கள். எழுதிச் சொல்கிறேன் என்றேன். சொல்கிறேன்.

முதலில் நீல டின்னைத் திறந்து, முகர்ந்து பார்த்து, நானே ஒரு துணுக்கைத் தின்று, அண்ணனுக்கு வெட்டிக் கொடுத்தேன். உங்களுக்கும் அதிலிருந்துதான். அது உங்களுக்குத் தெரியும். அப்புறம் சிவப்பு டின்னிலிருந்து விரல் கனத்துக்கு ஒரு துண்டு வெட்டி அமண்டா அப்பாவிடம் நீட்டினேன். "என் கண்ணு முன்னாலயே சாப்பிடுங்க" என்றேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்போதுதான் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"அன்னிக்குத் தின்னது இதைவிட மூணு பங்கு பெருசு."

டின்னை வெறுமையாகத் தராமல் சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுத்ததற்கு நன்றி. காதை டாக்டரிடம் காட்டுங்கள். அண்ணனுக்கு வணக்கம் சொல்லுங்கள்.

என்றும் உங்கள்
மேரி